இருவர் ஏறிய படகு

கேமரன் மலையில் கடல் இல்லை. பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் அம்மலைநாட்டில் பிறந்து, கொழுந்து பறித்து, அங்கேயே மூத்தவர் பலர் கடலைக் கண்டது வாழ்நாளில் ஓரிரு முறைதான். எனினும், விடியற்காலையில் தேயிலைச் சரிவின் மேல்வரிசையில் நின்று கீழே நோக்குவார்க்கு ஒரு கடல் தோன்றும். பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி நிறைந்திருக்கும். குன்றுகளின் தலைகள் தீவுகளாக நிற்கும். பத்தடி தள்ளி நிற்பவரின் குரல் கேட்கும், உருவம் தெரியாது. அத்தகைய பொழுதில் ஒரே சரிவில் வேலை செய்யும் கணவனும் மனைவியும் அவ்வப்போது ஒருவரையொருவர் கூவி அழைத்துக் கொள்வர். செய்தி ஒன்றும் இராது. "இருக்கிறாயா?" "இருக்கிறேன்" என்பதே அவ்வழைப்பின் பொருள்.

கடலுக்கும் அம்மலைக்கும் வேறோர் உறவும் உண்டு. 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த மலை அது. 1929இல் ரஸ்ஸல் என்பார் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவைத் திருத்திய கைகளுள் தமிழர் கைகள் மிகுதி. அவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். வரும்போது கடலின் சொல் ஒன்றும் உடன் வந்தது. மலாயாத் தோட்டங்களில் தொழிலாளரை மேற்பார்த்தவரைத் 'தண்டல்' என்றனர். தமிழகத்துக் கரையிலும் ஈழத்துக் கரையிலும் பாய்க்கப்பலை நடத்திச் செல்லும் தலைவனுக்கு வழங்கிய பெயரும் அதுவே. தண்டேல் என்றும் தண்டையல் என்றும் அது திரிந்து வழங்கும். கப்பல் தலைவனின் பெயர், கடலே காணாத மலைச்சரிவில் கொழுந்துக் கூடைகளை எண்ணுபவனுக்கு வந்து சேர்ந்தது.

அத்தகைய தண்டல் ஒருவர் தேயிலைத் தோட்டமொன்றில் தம் மனைவியுடன் வாழ்ந்து வருகிறார். ஒரு காலத்தில் அறுபது பேரை நடத்தியவர். விடியுமுன் பெரட்டுக்குச் செல்வதும், எந்தச் சரிவில் கொழுந்து முற்றியது என்று சொல்வதும், மழை வரும் நேரத்தைக் காற்றிலேயே அறிவதும் அவருக்குக் கைவந்த கலைகள். வீட்டிலும் அவரே தண்டல். மின்சாரப் பொத்தான்கள் எங்குள்ளன, எரிவாயுக் கலனை எப்படி மூடுவது, கைத்தொலைபேசியில் யாரை எப்படி அழைப்பது என்பனவெல்லாம் அவர் பொறுப்பு. அம்மையாருக்கு அடுப்பும் தோட்டமும் மருந்தும் பொறுப்பு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் வேலையைப் பங்கிட்டுக் கொண்டிருந்தனர். அப்பங்கீடு அன்பின் அடையாளம் என்றே இருவரும் நினைத்திருந்தனர்.

ஒருநாள் இரவு அப்பங்கீடு அவர்களைக் கைவிட்டது.

அன்று பெருமழை. மகனும் மருமகளும் பேத்தியும் ஒரு திருமணத்திற்காக ஈப்போவுக்குச் சென்றிருந்தனர். லயத்து வீடுகள் பலவற்றில் இப்போது ஆள் இல்லை. இளையோர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தோரே இன்று தோட்டங்களில் பெரும்பாலான வேலைகளைச் செய்கின்றனர். அவர்கள் விடுதியோ சற்றுத் தொலைவில் இருந்தது. நள்ளிரவில் பின்கட்டுக்குச் சென்ற பெரியவர் பாசி படிந்த படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு அசையவில்லை. அம்மையார் ஓடிவந்து தூக்கிப் பார்த்தார்; தூக்க முடியவில்லை. தூக்க முயன்றதனால் வலி மிகுந்ததே பயன். தொலைபேசி மேசைமேல்தான் இருந்தது. அதை எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரியாது. கணவர் வலியில் சொன்னவற்றை அவர் கையும் கேட்கவில்லை, கண்ணும் கேட்கவில்லை. வாசலில் நின்று கத்தினார். தகரக் கூரைமேல் விழுந்த மழை அவர் குரலை விழுங்கியது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே ஒருவர் விளக்கோடு வந்தார்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். அறுவை மருத்துவம் நடந்து, கைத்தடியுடன் நடக்கவும் தொடங்கினார். ஆயினும் அந்த ஒரு மணி நேரம் அம்மையாரின் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அதைப்பற்றி இருவரும் பேசிக்கொள்ளவும் இல்லை. அவர் விழுந்ததற்கு நாணினார். இவர் ஒன்றும் செய்ய இயலாமற் போனதற்கு நாணினார்.

2025ஆம் ஆண்டு மே மாதத்தின் இறுதியில் ஒரு மாலைப்பொழுது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பயிலும் பேத்தி, பெற்றோரின் கைத்தொலைபேசியில் ஒரு செய்தியைக் காட்டினாள். இந்தியக் கடற்படையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் 'தாரிணி' என்னும் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவிட்டுக் கோவாவுக்குத் திரும்பியிருந்தனர். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. 2024 அக்டோபர் 2 அன்று புறப்பட்டவர்கள் 2025 மே 29 அன்று கரை சேர்ந்தனர். பிரிமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய நான்கு துறைமுகங்களில் மட்டுமே தங்கினர். கடந்த தொலைவு 25,000 கடல் மைலுக்கும் மிகுதி. படகின் நீளமோ ஏறத்தாழ 17 மீட்டர்தான். இரண்டு லயத்து வீடுகளைச் சேர்த்து வைத்தாற்போன்ற நீளம்.

பேத்தி எதிர்பார்த்தது வியப்பை. அம்மையார் கேட்டதோ ஒரு கேள்வி.

"ஏம்மா, ரெண்டே பேருதானே? ஒருத்தி தூங்கிட்டா படகை யாரு பாத்துக்குவா?"

பேத்திக்கு விடை தெரியவில்லை. மறுநாள் பள்ளியில் ஆசிரியரிடம் கேட்டாள். அவரும் நூல்களைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். அன்றுமுதல் சில வாரங்கள் அந்த லயத்து வீட்டில் மாலைதோறும் கடல் பேசப்பட்டது.

இருவர் செல்லும் படகில் உறக்கமும் ஒரு முறைமை. ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருப்பார். பொதுவாக மூன்று அல்லது நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை காவல் மாறும். காற்றின் திசைக்கேற்பத் தானே சுக்கானைத் திருப்பும் கருவிகள் உண்டெனினும், கண்ணின் வேலையைக் கருவி முழுதும் ஏற்காது. அடிவானத்தில் ஒரு புள்ளியாகத் தோன்றும் பெருங்கப்பல் கால் மணி நேரத்திற்குள் அருகே வந்துவிடக் கூடும். அப்பெருங்கப்பலிலிருந்து பார்ப்பவருக்குச் சிறு படகின் பாய், அலையின் நுரையினின்று வேறுபடாது. ஆகவே காவலிருப்பவர் அடிக்கடி எழுந்து நாற்புறமும் நோக்க வேண்டும். உறங்குபவர் உறங்குவது மற்றவரின் கண்ணை நம்பி. அந்நம்பிக்கை அன்பினால் மட்டும் வருவதன்று; பயிற்சியினால் வருவது. எதிரே கப்பல் வந்தால் படகைத் திருப்பவும், காற்று மிகுந்தால் பாயைச் சுருக்கவும், தனியாக நின்று செய்யத் தெரிந்தவரை நம்பியே ஒருவர் கண்ணை மூட முடியும்.

தில்னாவும் ரூபாவும் அந்நம்பிக்கையை ஒருநாளில் பெறவில்லை. உலகப் பயணத்திற்கு முன் மூன்றாண்டுகள் பயின்றனர். முதலில் அறுவர் குழுவில் கேப் டவுன் வழியாக ரியோ டி ஜெனிரோ வரை சென்றனர். பின்னர் இருவர் மட்டும் கோவாவிலிருந்து போர்ட் பிளேருக்கும், அதன்பின் மொரீசியசுக்கும் சென்று திரும்பினர். கரையில் இருந்து படித்துவிட்டுக் கடலுக்குச் சென்றவர்கள் அல்லர். கடலில் சென்றுகொண்டே கற்றவர்கள். அவர்களுக்குப் பயிற்சி அளித்தவர் அபிலாஷ் டோமி. தனியொருவராக உலகைச் சுற்றிய அவர், 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கினார். படகு உருண்டது; பாய்மரம் ஒடிந்தது; முதுகெலும்பு முறிந்தது. அசைய முடியாமல் கிடந்தவரை மூன்று நாள்களுக்குப்பின் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மீட்டது. விழுந்த அனுபவம் உடைய ஆசிரியர் அவர். அத்தகைய ஆசிரியர் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லும்போது அது பாடமாக மட்டும் இராது.

இவ்விடத்தில் பெரியவர் தலையசைத்தார். "தண்டல் வேலையும் அப்படித்தான்" என்றார். அவர் சொன்னது, விழுந்தவனே சரிவைப் பற்றிச் சொல்லத் தகுந்தவன் என்பதாக இருக்கலாம். அம்மையார் அதைக் கவனியாதவர்போல் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"சரி, ஒருத்தி தண்ணியில விழுந்துட்டா?"

அவ்வினா கடலைப் பற்றியதன்று என்பதை மூவரும் அறிந்திருந்தனர்.

கணவனும் மனைவியுமாகச் சிறு படகில் கடலோடுவது மேலைநாடுகளில் பல்லாண்டுகளாக உள்ள வழக்கம். பணி ஓய்வு பெற்றோர் வீட்டை விற்றுப் படகு வாங்கிப் புறப்படுவதும் உண்டு. அத்தகையோருக்குக் கற்பிப்போர் முதலில் சொல்வது, விழாதே என்பது. நடக்கும்போதெல்லாம் ஒரு கை உனக்கு, ஒரு கை படகுக்கு என்பது மாலுமிகளிடையே வழங்கும் பழைய வாக்கு. இரவிலும் புயலிலும் மேல்தளத்திற்கு வருபவர் உயிர்காப்பு அங்கி அணிந்து, அதிலுள்ள இணைப்புக் கயிற்றைப் படகோடு மாட்டிய பின்னரே காலெடுத்து வைக்க வேண்டும். உறங்குபவர் எழுந்து வரும்வரை காவலிருப்பவர் தனியே முன்தளத்திற்குச் செல்லக் கூடாது என்று பலர் விதி வகுத்துக்கொள்வர். காற்று வலுக்கிறதே, பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் முதன்முதல் தோன்றும் கணமே சுருக்கவேண்டிய கணம் என்பர். மழை வருமுன் கூடையை மூடுகிறவர்களுக்கு இது புதிதன்று.

இவ்வளவும் செய்த பின்னும் விழலாம். விழுந்தால் படகிலிருப்பவர் உரக்கக் கூவ வேண்டும். மிதவை வளையத்தை உடனே வீச வேண்டும். இடத்தைக் குறிக்கும் கருவியின் பொத்தானை அழுத்த வேண்டும். விழுந்தவரிடமிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. ஆறு நாட் வேகத்தில் செல்லும் படகு ஒரே நிமிடத்தில் ஏறத்தாழ 185 மீட்டர் விலகிவிடும். அத்தொலைவில், அலைகளுக்கு நடுவே, மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுகூடத் தோன்றாது. குழு பெரிதாயின் ஒருவர் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்க, மற்றவர் படகைத் திருப்புவர். இருவர் மட்டும் உள்ள படகிலோ எஞ்சியவர் ஒருவரே. கண்ணும் அவரே, கையும் அவரே, சுக்கானும் அவரே.

படகைத் திருப்பி அருகே கொண்டுவந்த பின்னும் வேலை முடிவதில்லை. நனைந்த ஆடையோடு, குளிரில் விறைத்துப்போன ஓர் உடலைக் கடலிலிருந்து மேலே தூக்குவதே எல்லாவற்றினும் கடினம். மெலிந்த மனைவி பருத்த கணவனைத் தன் கைவலியால் தூக்க இயலாது. எனவேதான் பாயை ஏற்றும் கயிற்றையும் கப்பிகளையும் கொண்டு தூக்கும் முறையைக் கற்பிக்கின்றனர். வலிமை குறைந்தவரும் செய்யக்கூடிய வழியே வழி. வலியவர் மட்டும் செய்யக்கூடியது வழியன்று.

பேத்தி இதனைச் சொன்னபோது அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பின்கட்டுப் படியை ஒருமுறை பார்த்தார். தம்மால் தூக்க முடியாமற்போனது தம் குற்றமன்று, கப்பி ஒன்று இல்லாமற்போனதுதான் குறை என்பது அன்றைக்கே அவருக்கு விளங்கியது. குற்றம் என்று சுமந்த ஒன்று கல்லாமை என்று தெரியவரும்போது மனம் பாதி இறங்கிவிடுகிறது. குற்றத்திற்கு வருந்தத்தான் முடியும். கல்லாமைக்குக் கற்றல் என்னும் மருந்து உண்டு.

கற்பிப்போர் இன்னொன்றையும் வற்புறுத்துகின்றனர். பெரும்பாலான தம்பதியரிடையே ஒருவரே படகோட்டி, மற்றவர் துணையாளர். சுக்கான் பிடிப்பதும் கயிறு இழுப்பதும் வானொலியில் பேசுவதும் கணவன். சமையலும் கணக்கும் மனைவி. கடல் அமைதியாக உள்ளவரை இப்பங்கீடு இனிது செல்லும். ஆனால் கடலில் விழுபவர் யார் என்று முன்னரே எவரும் தீர்மானிக்க முடியாது. மேல்தளத்தில் மிகுதியாக நடமாடுபவர் யாரோ அவரே விழுவதற்கும் மிகுதியாக இடம் உண்டு. அதாவது, அறிந்தவரே விழுவார், அறியாதவரே எஞ்சுவார். ஆகவே நல்ல காற்றுள்ள பகற்பொழுதில் ஒரு மிதவையோடு வாளியைக் கட்டிக் கடலில் எறிந்துவிட்டு, மனைவியே தனியாகப் படகைத் திருப்பி அதை மீட்கவேண்டும். அப்போது கணவன் வாய் திறக்கக் கூடாது. அவன் நீரில் கிடப்பதாகவே கொள்ளவேண்டும். அந்தப் பத்து நிமிட மௌனம் பல கணவர்க்குப் புயலைவிடக் கடினமாக இருக்கும்.

"ஏங்க, கேட்டீங்களா? நீங்க வாயைத் திறக்கக் கூடாதாம்" என்றார் அம்மையார். அந்த வீட்டில் அன்றுதான் அந்த இரவைப் பற்றி முதன்முதல் சிரித்தனர்.

உதவியை அழைப்பதும் கற்கவேண்டிய ஒன்று. கடலில் வானொலியின் 16ஆம் தடம் அதற்கென உள்ளது. 'மேடே' என்று மும்முறை கூறி, படகின் பெயர், இருக்கும் இடம், நேர்ந்த இடர், ஆள்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வரிசையாகச் சொல்லவேண்டும். அழுதுகொண்டு சொல்லும் செய்தியில் இடம் விடுபட்டுப்போனால் அச்செய்தி பயனற்றது. எனவே சொல்லவேண்டியவற்றை எழுதி வானொலியின் அருகிலேயே ஒட்டிவைப்பர்.

அழைக்கக் கருவி இல்லாதார் நிலை எப்படியிருக்கும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதன் ஒரு நுனி தமிழர் கையில் இருப்பது வியப்பு. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்னும் சிறு படகில் உலகைச் சுற்றியவர். 1934இல் தம் மனைவி புளோரன்சுடனும் உறவினர் ஒருவருடனும் அதே படகில் கலாபகோஸ் தீவுகளில் தங்கியிருந்தபோது அவருக்குக் குடல்வால் வெடித்தது. அருகே மருத்துவர் இல்லை. படகில் செய்தி அனுப்பும் கருவியும் இல்லை. தற்செயலாக அங்கு வந்த மீன்பிடிக் கப்பலொன்றில் வானொலி இருந்தது. அதன் அழைப்பைக் கேட்டுப் பனாமாவிலிருந்து அமெரிக்கப் படையினர் விரைந்து வந்து அவரைக் காத்தனர். அக்கப்பல் வராதிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

உயிர் பிழைத்த ராபின்சன் சில ஆண்டுகளுக்குப்பின் இலங்கையில் ஒரு பாய்க்கப்பலை விலைக்கு வாங்கினார். அது வல்வெட்டித்துறையில் தமிழர் கட்டிய 'அன்னபூரணி'. அதற்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டி அமெரிக்காவுக்கு அனுப்பினார். அதனைச் செலுத்திச் சென்ற குழுவில் வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் இருந்தனர். 1938இல் அக்கப்பல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. தண்டையல் என்னும் சொல் அதன் உண்மைப் பொருளில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த காலத்தில், அதே சொல் கேமரன் மலையில் கொழுந்து எடைபோடும் இடத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது.

இதனைக் கேட்ட பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுநாள் அவரே ஒரு கேள்வி கேட்டார். அதுவரை கேள்வி கேட்டவர் அம்மையார் மட்டுமே.

"படகே முழுகிப் போச்சுன்னா?"

வயது முதிர்ந்த ஒருவர் அவ்வாறு கேட்கும்போது, முழுகுவது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

படகே மூழ்கிய தம்பதியர் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த மாரிஸ் பெய்லியும் அவர் மனைவி மாரலினும் தங்கள் வீட்டை விற்று 'ஆரலின்' என்னும் 31 அடிப் படகை உரிமையாக்கிக்கொண்டனர். இருவர் பெயரையும் இணைத்து அமைந்த பெயர் அது. 1972இல் நியூசிலாந்தை நோக்கிப் புறப்பட்டனர். வெளியுலகின் தலையீடு வேண்டாம் என்று கருதிய மாரிஸ், செய்தி அனுப்பும் வானொலியை வைத்துக்கொள்ளவில்லை. 1973 மார்ச் 4 அன்று பசிபிக் பெருங்கடலில் திமிங்கிலம் மோதிப் படகு உடைந்தது. ஓட்டையை அடைக்க முயன்றும் இயலவில்லை. ஒரு மணி நேரத்திற்குள் படகு மூழ்கியது. காற்றடைத்த உயிர்காப்புத் தெப்பம் ஒன்றும், சிறு தோணி ஒன்றும், எடுக்க முடிந்த சில உணவுத் தகரங்களும் நீரும் மட்டுமே அவர்களிடம் எஞ்சின.

மாரலினுக்கு நீந்தத் தெரியாது. படகைச் செலுத்துவதில் வல்லவர் மாரிஸ். ஆனால் தெப்பத்தில் மாரிஸ் மனம் தளர்ந்தார்; மாரலின் தளரவில்லை. உணவைப் பங்கிட்டார். மழைநீரைச் சேர்த்தார். ஊசிகளை வளைத்துத் தூண்டிலாக்கி மீன் பிடித்தனர். ஆமையையும் கடற்பறவையையும் உண்டனர். தாளைக் கிழித்துச் சீட்டுகள் செய்து விளையாடினர். கரை சேர்ந்த பின் கட்டவேண்டிய புதிய படகின் வரைபடத்தையும் அங்கேயே வரைந்தனர். ஏழு கப்பல்கள் அவர்களைக் காணாமலே கடந்து சென்றன. எட்டாவதாக வந்த தென்கொரிய மீன்பிடிக் கப்பல் 1973 ஜூன் 30 அன்று அவர்களைக் கண்டு மீட்டது. 117 நாள்கள் மிதந்தனர் என்று அவர்களே பின்னர் நூல் எழுதினர். கரை சேர்ந்தபின் அவர்கள் கடலை வெறுக்கவில்லை; எண்ணியபடியே இரண்டாவது படகைக் கட்டி மீண்டும் கடலோடினர்.

இவ்வரலாற்றில் கற்பதற்கு இரண்டு உண்டு. வானொலி இல்லாமற் சென்றது பிழை. அழைக்கும் வழியை வேண்டாமென ஒதுக்குவது விடுதலை ஆகாது. இன்று துணைக்கோளுக்கு இடத்தை அறிவிக்கும் சிறு கருவி உள்ளது. கடலோடுவோர் அதை விட்டுச் செல்வதில்லை. மற்றொன்று, கருவிகளெல்லாம் போன பின்னும் எஞ்சும் ஒரு பாதுகாப்பு உண்டு என்பது. அது பக்கத்தில் இருப்பவரின் மனம். வலியவர் யார், மெலியவர் யார் என்று கரையில் வகுத்த கணக்கு நடுக்கடலில் மாறிவிடும். நீந்தத் தெரியாதவர் நீந்தத் தெரிந்தவரைக் கரை சேர்த்தார்.

பெரியவர் அன்று வழக்கத்தைவிட நேரம் கழித்தே உறங்கினார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் பேத்தி இரண்டு தாள்களைக் கொண்டுவந்தாள். பள்ளி மாணவர்க்குரிய பெரிய எழுத்தில் ஒன்றில் 'பாட்டி கற்கவேண்டியவை' என்றும், மற்றதில் 'தாத்தா கற்கவேண்டியவை' என்றும் எழுதியிருந்தாள். முதல் தாளில் கைத்தொலைபேசியைத் திறப்பது, 999 என்று அழுத்துவது, தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் லயத்தின் எண்ணையும் வரிசையாகச் சொல்வது, எரிவாயுக் கலனை மூடுவது, முதன்மை மின்பொத்தானை அணைப்பது ஆகியவை இருந்தன. விழுந்தவரைத் தூக்காதே, போர்த்து, அருகில் இரு, அழை என்பது அடிக்கோடு இட்டு எழுதப்பட்டிருந்தது. இரண்டாம் தாளில் சோறு வடிப்பது, பாட்டியின் நீரிழிவு மாத்திரைகள் எவை, எப்போது, எத்தனை என்று அறிவது, பாட்டிக்குத் தலைசுற்றினால் முதலில் என்ன செய்வது ஆகியவை.

பெரியவர் முகம் சுருங்கியது. அறுபது பேருக்கு ஆணையிட்டவர் அடுப்படியில் நின்று அரிசி அளப்பதா? அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே சென்றுவிட்டார். மாலையில் திரும்பி வந்தவர் ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குள் நுழைந்தார். "எத்தனை டம்ளர் அரிசிக்கு எவ்வளவு தண்ணி?" என்று கேட்டார். அம்மையார் சொன்னார். அன்றைய சோறு குழைந்துபோயிற்று. இருவரும் அதையே உண்டனர்.

பயிற்சியும் நடந்தது. பெரியவர் பாயில் படுத்துக்கொள்வார். அவர் விழுந்துவிட்டதாகக் கொள்ளவேண்டும். வாய் திறக்கக் கூடாது. அம்மையார் தொலைபேசியை எடுத்து, எண்ணை அழுத்துவதுபோல் விரலை வைத்து, தோட்டத்தின் பெயரையும் லயத்தின் எண்ணையும் சொல்லவேண்டும். முதல்முறை பிரிவின் பெயரை மறந்தார். இரண்டாம் முறை எண்ணை மாற்றிச் சொன்னார். பெரியவருக்கு வாய் துடித்தது; பேத்தி விரலை உதட்டில் வைத்து அடக்கினாள். ஐந்தாம் முறை எல்லாம் சரியாக வந்தது. பாயிலிருந்து எழுந்த பெரியவரின் கண் கலங்கியிருந்தது. பெருமையாலா, அந்த மழையிரவின் நினைவாலா என்று அவருக்கே தெரிந்திராது.

உயிர்காப்பு அங்கியில் ஒரு விசில் தொங்கும். இருளில் குரல் ஓய்ந்தாலும் மூச்சு இருக்கும்வரை ஊதலாம் என்பதற்காக அது. மனிதக் குரலை விழுங்கும் காற்றையும் அவ்வொலி கிழித்துச் செல்லும். பேத்தியின் வேண்டுகோளின்படி மகன் தானா ராத்தா கடையிலிருந்து இரண்டு விசில்கள் வாங்கி வந்தான். ஒன்று வாசற்கதவின் ஆணியில் தொங்குகிறது. மற்றது பின்கட்டுப் படியருகே, பெரியவர் விழுந்த இடத்தில், தரையில் கிடப்பவருக்கும் எட்டும் உயரத்தில் கட்டப்பட்டுள்ளது. தூக்கமுடியாதவருக்கு ஒன்று, எழமுடியாதவருக்கு ஒன்று. மழை கொட்டிய ஒரு மாலையில் அம்மையார் அதை ஊதிப் பார்த்தார். தொலைவில் இருந்த விடுதியிலிருந்து இரண்டு நேபாள இளைஞர்கள் குடையில்லாமல் ஓடிவந்தனர். ஒன்றுமில்லை, பயிற்சி என்று சொன்னபோது அவர்கள் கோபிக்கவில்லை. தேநீர் அருந்திவிட்டுச் சென்றனர்.

இல்லறத்தை ஓடம் என்று சொல்வது தமிழில் பழகிப்போன உவமை. பழகிப்போனதாலேயே அதன் பொருளை நாம் முழுதும் கேட்பதில்லை. ஓடம் என்றால் அதில் இருவருக்கும் சுக்கான் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வது அன்பின் சொல்போல் ஒலிக்கும். ஆயினும் அது மற்றவரைத் தனிமையில் விடப்போகும் சொல். "நீ கற்றுக்கொள், நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்" என்பதே அதனினும் பெரிய அன்பு. வகுப்பறையில் நிற்போரும் இதை எண்ணிப் பார்க்கலாம். மாணவனுக்காக எல்லாவற்றையும் தாமே செய்து முடிக்கும் ஆசிரியர், தாம் இல்லாத நாளுக்கு அவனை ஆயத்தம் செய்யாதவர் ஆகிறார்.

இன்றும் விடியற்காலையில் தேயிலைச் சரிவை மூடுபனிக் கடல் மூடுகிறது. கைத்தடியுடன் பெரியவர் வீட்டிற்கு மேலுள்ள பாதையில் சிறிது தூரம் நடக்கிறார். பனியில் அவர் உருவம் மறைந்த சிறிது நேரத்தில் வாசலிலிருந்து ஒரு விசில் ஒலிக்கும். அவர் சட்டைப்பையில் ஒரு விசில் உண்டு; பேத்திக்குத் தெரியாமல் அவரே வாங்கிக்கொண்டது. நின்று, மூச்சை இழுத்து, அவரும் ஊதுவார்.